எதிர்க்கடையில் கேட்டுப் பார்

அன்பு மகளே,

இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாத அளவுக்குச் சரக்கு வாங்கிப்போட, வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன்னிடம் சொல்லாமல் நேற்று உன் பம்ப் உதிரிபாகக் கடை இருக்கும் தெருவுக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு நேரெதிர்க் கடையில், வாடிக்கையாளரைப் போல ஒரு வால்வு கேட்டேன். "உக்காருங்க சார்" என்றவர், பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தார். போட்டிக்காரரிடமா என்று கேட்டேன்.

"நாளைக்கு அவரு என்கிட்ட வருவாருல்ல?"

அப்படியானால் எதிரே இருக்கும் புதுக் கடைக்கு மட்டும் நீங்கள் யாரும் ஏன் போவதில்லை என்று, யாரோ ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல் மெல்லக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு எங்ககிட்ட ஒரு வாஷர்கூட கேட்டதில்ல சார். இல்லாததைக் கம்பெனியிலேர்ந்து வரவழைச்சுக்குது. அப்புறம் நாங்க மட்டும் எந்த உரிமையில போய்க் கேக்கறது?" என்றவர், என்னை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "அதே மூக்கு! நீங்க அவங்க அப்பாதானே?"

எனக்கு வியாபாரம் தெரியாது. அலுவலகத்தில் பக்கத்து மேசையிலிருந்து பேனாகூட இரவல் வாங்காதவன் நான். எல்லாச் சரக்கும் உன்னிடமே இருந்துவிட்டால், அந்தத் தெரு உன்னை எப்படிச் சேர்த்துக்கொள்ளும்? நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை தெருவைத் தாண்டிப் போய், அவரிடம் எதையாவது கேட்டுப் பாரேன். என்ன சொன்னார் என்று உடனே எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உன் பயந்தாங்கொள்ளி அப்பா