கீரைக்கு வைத்த குளிர்

செப்டம்பர் 12
குளிர் அறைக் கூரையின் சூரியத் தகடுகளைத் துடைத்தேன். ஒரே புழுதி. குளிர் அறை வந்த பிறகு யாரும் சந்தை நாளுக்காகக் காத்திருப்பதில்லை. திங்களன்று பறித்த பூசணி இலை வெள்ளிக்கிழமை வரை வாடாமல் கிடக்கிறது. மூன்று ஊர்ப் பெண்கள் சேர்ந்து பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். நடையில் கொஞ்சம் மிடுக்கு ஏறித்தான் போயிற்று.

செப்டம்பர் 19
எங்கள் ஊர் நியாகும்வெண்டா அக்காவின் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். விடிந்ததும் அவளே வந்தாள்.

“பசங்க ஜோகன்னஸ்பர்க்குலருந்து பஸ் ஏறிட்டானுங்க. வர்ற வரைக்கும் அவரக் குளிர் ரூமுக்குள்ள வெச்சுக்கோ நியாலுங்கு. மூஞ்சியையாவது பாக்கட்டும்.”

பிணவறை மாவட்ட ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வண்டி அமர்த்த அவளால் ஆகாது.

“நாம திங்கிறத வைக்கிற எடம்க்கா அது. முடியாது” என்றேன். அவள் திரும்பி நடந்தாள்.

செய்தது சரிதான்.

செப்டம்பர் 22
வெயிலுக்குப் பயந்து இருபதாம் தேதியே அடக்கத்தை முடித்துவிட்டார்கள். பையன்கள் மறுநாள் வந்து மண்மேட்டைப் பார்த்தார்கள்.

அக்டோபர் 17
மாமனார் இறந்துவிட்டார்.

“அண்ணன் லிலோங்வேலருந்து வரணும். கதவத் தொற” என்றார் வீட்டுக்காரர். கூடாது என்றேன்.

“எங்கப்பன விட முட்டைக்கோஸ் ஒசத்தியாப் போச்சா ஒனக்கு?”

நாத்தனார்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். திறந்தேன். வற்புறுத்தினார்கள் என்று எழுதலாம்தான். ஆனால் தக்காளிக் கூடைகளை ஒதுக்கி இடம் செய்தது இந்தக் கைகள்.

அக்டோபர் 19
அடக்கம் முடிந்தது. நியாகும்வெண்டா வந்து துக்க வீட்டுக்குக் களி கிண்டினாள். பெரிய பானை, வியர்க்க வியர்க்க. என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

அக்டோபர் 26
குளிர் அறையை மருந்து ஊற்றி மூன்று தடவை கழுவினேன். யாரும் வரவில்லை. கடுகுக்கீரை மஞ்சளாகிப் பன்றிக்குப் போனது. அடிகுழாயடியில் என் காதில் விழட்டும் என்றே ஒருத்தி சொன்னாள்:

“பொணம் படுத்த எடத்துல வெச்சத எம்புள்ள திங்கணுமா?”

பன்றிக்குப் போகாமல் மிஞ்சிய ஒரு பிடிக் கீரையை வீட்டுக்குக் கொண்டுவந்து வேகவைத்தேன். ஒரு வாய். துப்பிவிட்டேன். நானே தின்ன மாட்டேன் என்றால் அடுத்தவளை என்ன சொல்ல?

நவம்பர் 3
ஊர்ப் பிள்ளைகள் மறுபடி உப்பைத் தொட்டுக்கொண்டு களி தின்கின்றன. என்னால்.

நவம்பர் 9
கூட்டம். எழுந்து நின்றேன். “அக்காவுக்கு மாட்டேன்னேன். எங்க வீட்டுக்குன்னதும் தொறந்தேன். பொறுப்ப வேற யாராச்சும் எடுத்துக்குங்க” என்றேன். யாரும் கை நீட்டவில்லை. அதுவும் தண்டனைதான்.

நியாகும்வெண்டா தன் தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு குளிர் அறைக்குப் போனாள். எல்லோரும் பின்னாலேயே போனோம். கூடையை உள்ளே வைத்துவிட்டு, அங்கே மிச்சமிருந்த ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாள்.

“உன்ன மன்னிச்சுட்டு வரல. என் தக்காளி அழுகுது, அதான்.”

“சரி, நாளைக்கு இவ உசுரோட இருந்தா நானும் கொண்டாறேன்” என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

நவம்பர் 10
அவள் உயிரோடு இருக்கிறாள். மத்தியானத்துக்குள் ஆறு கூடை வந்துவிட்டது.

டிசம்பர் 23
அறை நிறைந்து கிடக்கிறது. பண்டிகைக்கு ஊர் வந்திருக்கும் நியாகும்வெண்டாவின் சின்ன மகன் காய் வாங்க வந்தான். அப்படியே அப்பா ஜாடை. தட்டுகளையெல்லாம் சுற்றிப் பார்த்தான்.

“நல்லாருக்கு சித்தி. உள்ள வெச்சா எத்தன நாள் தாங்கும்?”

“ஒரு வாரம்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: இவன் அப்பாவுக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது.

அவன் கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தான். பிறகு, “கீரை ரெண்டு கட்டு குடுங்க” என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். என் முகம் நிமிரவில்லை.