பார்த்தேன் என்று சொன்னது

13 பிப்ரவரி 1982, சனி இரவு

காலையில் மோகனூரில் செந்திலுக்கு ஓவியப் போட்டி. அதே நேரத்தில் நாமக்கல்லில் அவன் அக்கா கவிதாவுக்கு உயரம் தாண்டுதல். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு. ஓவியப் போட்டி முடிந்து செந்திலை அழைத்துக்கொண்டு பஸ் பிடித்து நாமக்கல் போவதற்குள் மைதானம் காலியாகியிருந்தது. கவிதா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றாள்.

"பாத்தேன் சாமி. கூட்டத்துக்குப் பின்னால நின்னேன். நல்லாத் தாண்டுன."

வாயில் அப்படித்தான் வந்தது. செந்தில் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அதற்குள் விளையாட்டு டீச்சர் வந்துவிட்டார். "கால் பிசகிருச்சுங்க. பாவம், புள்ள ஒருதடவ கூடத் தாண்டலீங்க. ஊட்டுக்குப் போயி ஒத்தடம் குடுங்க."

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் கவிதா தம்பியை உட்கார வைத்தாள்.

சாயந்தரம் அவர் மில்லிலிருந்து வந்ததும், "ஏஞ்சாமி, ஜெயிச்சியா?" என்று அவளைக் கேட்டார்.

"அம்மாதானுங்க பாத்தாங்க. அவங்களயே கேளுங்கப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"கால் பிசகிருச்சாமுங்க" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஒத்தடம் கொடுக்கும்போது கவிதா காலை நீட்டினாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. வெந்நீர் ஆறும்வரை துணியை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டே இருந்தேன்.