ஆஷ்லாண்டை மறந்துவிடு, அம்மா

ஆஷ்லாண்ட், விஸ்கான்சின்
4 மார்ச் 1991

அன்புள்ள ரெய்னோவுக்கு,

இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. நீ பீனிக்ஸ் வெயிலில் கறுத்திருப்பாய்.

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். கட்டிடக் கலைஞர் உரிமத் தேர்வில் மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டேன். மனை ஆய்வில் மட்டும் மறுபடியும் கோட்டை விட்டேன். குளிர்காற்றைத் தடுக்க மரங்களை எந்தப் பக்கம் நடுவது என்று ஒரு கேள்வி. நம் ஏரிக்காற்று வடக்கிலிருந்துதானே வரும், வடக்கே என்றேன். படத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதாக அம்பு போட்டிருந்தார்கள். அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன்.

முதலாளி ஹாலிஸ்டர், "எதுக்கு லெம்பி இந்த வயசுல பரீட்சை? நீ வரை, கையெழுத்த நான் போட்டுக்கறேன்" என்கிறார். நான் வரைந்ததெல்லாம் அவர் பெயரில்தானே நிற்கிறது! இப்போது ஒரு தீயணைப்பு நிலையத்தின் வரைபடம் என் மேசையில் இருக்கிறது. அதிலாவது என் பெயர் வர வேண்டும். ஜூனில் மறுதேர்வு. உரிமம் வாங்கிய பிள்ளை எதற்கு இருக்கிறாய்? சொல்லிக்கொடு.

உன் அம்மா

பீனிக்ஸ்
13 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அது அச்சுப்பிழை இல்லை. அந்த மனை ஆஷ்லாண்டில் இல்லை!

கேள்வியின் கடைசி வரியை முதலில் படி. சிறந்த இடத்தைக் கேட்கிறார்களா, ஆகாத இடத்தையா என்பது அங்கேதான் இருக்கும். பிறகு வடக்கு எங்கே என்று பார். தாளின் மேல்பக்கம் எப்போதும் வடக்கு இல்லை. வெள்ளம் ஏறும் இடம், செங்குத்துச் சரிவு, மின்கம்பி போகும் பட்டை, இவற்றை அடித்துவிடு. மிச்சத்தில் கட்டு. தாளில் இருப்பது மட்டும்தான் உண்மை. நம் ஏரியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

நீ அனுப்பிய ஏலக்காய் ரொட்டி வந்தது. பாதி நொறுங்கியிருந்தது, முழுதும் தின்றேன்.

ரெய்னோ

ஆஷ்லாண்ட்
22 ஆகஸ்ட்

ரெய்னோ,

தேறிவிட்டேன்! ஒவ்வொரு கேள்விக்கும் "இது நம்ம ஊர் இல்லடி லெம்பி" என்று முணுமுணுத்தேன். பக்கத்து மேசைக்காரன் முறைத்தான்.

அம்மா

பீனிக்ஸ்
30 ஆகஸ்ட்

அம்மா,

அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். "உன்ன விட உங்கம்மா கெட்டிக்காரியா?" என்று கேட்டார்கள். "அதிலென்ன சந்தேகம்!" என்றேன். அவ்வளவு பெருமையாக இருக்கிறது, அம்மா.

தீயணைப்பு நிலைய வரைபடத்தை, உன் புது உரிம முத்திரையைக் குத்துவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

ரெய்னோ

ஆஷ்லாண்ட்
9 செப்டம்பர்

அன்பு மகனுக்கு,

வரைபடம் இத்துடன் வருகிறது. முத்திரை நேற்றே குத்திவிட்டேன்.

ஹாலிஸ்டர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார். "மூடி வைங்க. இது எம்பேர்ல போகுது" என்றேன். மனிதர் பேனாவை மூடிவிட்டு எழுந்து கை கொடுத்தார்.

நீயும் ஆசை தீரப் பார். சுவரில் மாட்டிக்கொள். ஆனால் திருத்தாதே. இத்தனை வருடமாக நான் செய்த சரியெல்லாம் இன்னொருவர் பெயரில் போயிற்று. இதில் தப்பு இருந்தால்கூட அது என் தப்பு.

லெம்பி கங்காஸ்
கட்டிடக் கலைஞர்
(உன் அம்மாவும்தான்)