எழுநூறு கிராம்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நான் நலம். நீ விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். நேற்று ஃபோனில் இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். இருபத்து நான்கு வருடமாக உன்னைத் தெரியும்.

பெத்த பொண்ணோட வேலையைக் கெடுத்துட்டீங்களே என்று கேட்டாய். கேட்பாய், ஏன் கேட்க மாட்டாய்? வார்டில் நாற்பது பேருக்கு ஊசி போட்டுவிட்டு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். இங்கே நான்கு மாதமாக அடுப்படியில் வெந்தவன் நான். வியாழக்கிழமை தீயணைப்புத் துறைத் தேர்வில் ஐம்பது கிலோ இருக்க வேண்டிய நம் பாப்பா நாற்பத்தொன்பது கிலோ முந்நூறு இருந்தாள். எழுநூறு கிராம் குறைவென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பக்கத்துக் கதையை உன்னிடம் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் அந்தச் சட்டத்தைத் திட்டு. எரிகிற வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவன், தூக்க வந்த பெண்ணிடம் நீ எத்தனை கிலோ என்றா விசாரிப்பான்? ஜிம்மில் அவள் அறுபது கிலோ கம்பியைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்குகிறாள். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். அதில் ஒன்றையாவது செய்து காட்ட விட்டார்களா? வாசலிலேயே எடை, வாசலிலேயே போய் வா. அந்த அதிகாரியை அறுபது கிலோ தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் போட்ட அன்று அவள் நாற்பத்து நாலரைதான், உனக்கே தெரியும். நீ ஒரு பட்டியல் எழுதி அனுப்பினாய். ஒரு நாளைக்கு ஆறு வேளை. நாலு முட்டை, மூணு டம்ளர் பால், பருப்பு, வேர்க்கடலை, வாழைப்பழம், சோறு வழக்கத்தை விட ஒரு கரண்டி கூட. எழுதியது நீ, சமைத்தது யார்? பதினொரு மணிக்கு எடை மெஷின் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, வேர்க்கடலை வேகவைத்து, அவள் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்து, மறுபடி ஓடினேன். பால் பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டிச் சுரண்டி என் விரல் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. இதை யாரும் பேச மாட்டீர்கள்.

உன் தம்பி ஒரு நாள் வந்தான். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு மாமா இவ்ளோ பெரிய தோள், நாளைக்கு எவன் கட்டிப்பான் என்றான். பாப்பா அப்போது அடுக்களையில் நாலாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வெளியே வந்து, அந்தத் தோள்ல ஒரு நாள் உங்களைத்தான் மாமா தூக்கிட்டு வரப்போறேன், கொஞ்சம் எடையைக் குறைச்சு வைங்க என்றாள். காப்பியை முடிக்காமலே எழுந்து போய்விட்டான். அதற்கும் நான்தான் வளர்த்த விதம் சரியில்லை என்று உனக்குப் புகார் வந்திருக்கும்.

அடுத்தது அந்த ஜிம் மாஸ்டர். முதல் நாளே குடத்தளவு டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஏதோ மாவு, பாலில் கலந்து குடித்தால் சதை போடுமாம். முட்டையும் பருப்பும் கடையில் கிடைக்கிறது, இதை நீயே குடி என்று சொல்லிவிட்டேன். டப்பாவை உள்ளே வைத்தபிறகு கொஞ்சம் உருப்படியாகப் பேசினான். வெறுமனே ஓடினா இருக்கிறதும் கரைஞ்சிடும் சார், பாரம் தூக்கணும், தூக்குறதுக்கு ஏத்தாப்ல சாப்பிடணும், எட்டு மணி நேரம் தூங்கணும், வாரத்துக்கு ஒரு தரம்தான் எடை பாக்கணும் என்றான். அதன்படிதான் நடந்தோம்.

ஆனால் அவனுடைய எடை மெஷின் இருக்கிறதே, தகர டப்பா. காலை ஓரமாக வைத்தால் ஒரு கணக்கு, நடுவில் வைத்தால் இன்னொரு கணக்கு. அதில் ஏறாதே, நம் வீட்டு மெஷினில் மட்டும் ஏறு என்று பாப்பாவிடம் சொன்னது நான். ஆமாம், நானேதான். அரிசிக் கடையிலிருந்து கூரியர் ஆபீஸ் வரை இந்த வட்டாரத்தில் நிற்கிற எடை மெஷின்களெல்லாம் என் கையால் திறந்து மூடியவை. நான் சீல் வைத்தால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பழைய இரும்புக் கடைக்காரன் ஒரு தடவை, கொஞ்சமா தள்ளி வையுங்களேன் என்று பல்லைக் காட்டினான். மெஷினைத் திறந்த வயிற்றோடு அப்படியே போட்டுவிட்டு வந்தேன். அன்று நீகூடச் சிரித்தாய்.

பத்தாவது வாரம் நாற்பத்தெட்டில் நின்றது முள். மூன்று வாரம் அசையவில்லை. மூன்றாவது வாரம் மெஷினிலிருந்து இறங்கியவள், எனக்கு உடம்பே வராதுப்பா, தண்டமா திங்கறேன், விட்டுடலாம் என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்திவைத்தாள். ஈர்க்குச்சி, ஈர்க்குச்சி என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டபோதுகூட அவள் முகம் அப்படி ஆனதில்லை. மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். எடை நின்னா என்ன சார், தூக்குற பாரம் ஏறிட்டுத்தானே இருக்கு, ஒரு வேளை சாப்பாட்டைக் கூட்டிட்டு ரெண்டு வாரம் பொறுங்க என்றான். பொறுத்திருக்கலாம்.

நான் பொறுக்கவில்லை. மறு வாரம் காலையில், அவள் ஓடப் போயிருந்தபோது, வீட்டு மெஷினின் மூடியைக் கழற்றினேன். பூஜ்யத்தில் கைவைத்தால் ஏறும் முன்பே தெரிந்துவிடும். அதனால் ஸ்பிரிங்கை அரைச் சுற்று தளர்த்தினேன். அப்படிச் செய்தால் சும்மா இருக்கும்போது முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிற்கும், ஆள் ஏறினால் மட்டும் கூடக் காட்டும். வேலை தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். ஒரே ஒரு வாரம், அவளுக்குத் தெம்பு வரட்டும், அப்புறம் பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் செய்தேன்.

ஓடிவிட்டு வந்து ஏறினாள். நாற்பத்தொன்பதரை. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா ஊசியோடு ஓடி வந்துவிட்டார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மூணு வாரமா உள்ளே சேர்ந்ததெல்லாம் மொத்தமா காட்டுது பாரு என்று நான் விளக்கம் வேறு சொன்னேன். அன்று அவள் சாப்பிட்ட சாப்பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு எந்தக் கையால் திருப்பி வைப்பது, நீயே சொல்.

அதற்கப்புறம் இரண்டே வாரத்தில் ஐம்பதரை காட்டியது. ஒரு நாள் மாஸ்டர் அவளை ஏற்றிப் பார்த்துவிட்டு, ஜிம் மெஷின் குறைச்சலா காட்டுதே என்று கேட்டானாம். எங்கப்பா மெஷின் தப்பா காட்டாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவனும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். ஐம்பதைத் தாண்டிவிட்டோம் என்று ஆறாவது வேளையை நிறுத்தினாள். ராத்திரிப் பால் போயிற்று. ஓட்டத்தில் முந்த வேண்டுமென்று இன்னும் நாலு சுற்று கூட ஓடினாள். சாப்பிடும்மா என்றால், போதும்ப்பா, அதான் தாண்டிட்டேன்ல என்பாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வாரம் போய்விட்டது. எப்படியும் தானாக ஏறிவிடும் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை நடந்ததைத் தையற்காரம்மாவின் மகள் சொன்னாள், அவளும்தானே தேர்வுக்குப் போயிருந்தாள். நாற்பத்தொன்பது முந்நூறு என்று அதிகாரி படித்ததும் பாப்பா மெஷினை விட்டு இறங்கவே மாட்டேன் என்றிருக்கிறாள். உங்க மெஷின்தான் சார் தப்பு, எங்கப்பா எடை மெஷின் வேலை பாக்குறவரு, அவர் மெஷின்ல நான் அம்பதே முக்காலுக்கும் மேல, அவர் ஒரு கிராம் பொய் சொல்ல மாட்டாரு என்று வரிசையில் நின்ற நூறு பேர் முன்னால் கத்தியிருக்கிறாள். அந்த அதிகாரி மெஷினில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாராம். அதில் என் கையெழுத்து, போன மாதத் தேதி. அந்த ஆபீஸ் மெஷினையும் நான்தான் சரிபார்த்துச் சீல் வைத்துக் கொடுத்திருந்தேன். நூறு பேரும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே தெருமுனையில் நம் கடைக்குப் போனாள். மெஷின் சரிபார்க்கிற இருபது கிலோ எடைக்கல் இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான்கு மாதத்துக்கு முன் அதில் ஒன்றைக் காலால்கூட நகர்த்த முடியாமல் நின்றவள், தண்ணீர்க் குடம் தூக்கி வருகிற மாதிரி நடந்து வந்தாள். உன்னிடம் பொய் சொல்வானேன், அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான். இரண்டையும் மெஷின்மேல் வைத்தாள். நாற்பத்தொன்றே கால் காட்டியது. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஏம்ப்பா என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அறைக்குள் போய்விட்டாள்.

ஒரு கிலோவுக்குள் குறைந்தவர்களுக்கு இன்னும் ஐந்து வாரத்தில் மறுபடி ஒரு நாள் தருகிறார்கள். இவள் போக மாட்டேன் என்கிறாளாம். எந்த மெஷினை நம்பி ஏறுவேன் என்று உன்னிடம் கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டுத்தானே நீ ஃபோனை வைத்தாய்.

இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது எல்லாரையும் ஒரு பிடி பிடிக்க வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். சட்டம், அதிகாரி, உன் தம்பி, மாவு டப்பா, நீ. எழுதிப் பார்த்தால் ஆத்திரமெல்லாம் இங்கேயே திரும்பி வருகிறது. இரும்புக் கடைக்காரனுக்குச் செய்ய மாட்டேன் என்றதை என் மகளுக்குச் செய்திருக்கிறேன். அவள் தட்டை நகர்த்திய அன்று, இன்னும் ரெண்டு கிலோதான்டி, வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் அவள் அடுத்த கட்டத் தேர்வில் கயிறு ஏறிக்கொண்டிருப்பாள். மாஸ்டர் சொன்னதுதான் சரி. அவரிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். மூக்கறுபட்டு வந்தேன் என்று வைத்துக்கொள்.

செவ்வாய், காலை

தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இதையும் சேர்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமையே மெஷினைச் சரி செய்துவிட்டேன். சரி செய்தேன் என்று வாயால் சொன்னால் யார் நம்புவது? அதனால் தினமும் காலையில் அவள் எழுவதற்கு முன் ஒரு இருபது கிலோக் கல்லை மெஷின்மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறேன். முள் இருபதில் நிற்கும். அவளே பார்த்துக்கொள்ளட்டும். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் திரும்பி வந்தபோது கல் வைத்த இடத்திலேயே இருந்தது. முட்டையும் அப்படியே இருந்தது.

இன்று பதினொரு மணிக்கு வந்தேன். கல் கீழே, சுவரோரமாக இருந்தது. அடுக்களைக் கூடையில் நாலு முட்டை ஓடு. அவள் மைதானத்துக்குப் போயிருக்கிறாள், ஷூ இல்லை.

எவ்வளவு இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆள் இறங்கினால் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும், என் வேலை அப்படி. அவளிடம் கேட்கிற தகுதி இப்போது எனக்கு இல்லை. நீ கேள். எவ்வளவு சொல்கிறாளோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்கு எழுது. ஆறாவது வேளைக்குப் பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்