ஆறு வெடி, ஒரு தட்டு

ஜூன் 9, செவ்வாய்

சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், எனது வலது காலுறையில் நேற்றுவரை தனித்தனியாக வாழ்ந்துவந்த இரண்டு ஓட்டைகள், இன்று காலை எட்டு பத்துக்கு ஒன்றாக இணைந்தன. இரு தரப்பிலும் உயிர்ச்சேதம் இல்லை.

இன்னொரு சில்லறைச் செய்தி: இயற்பியல் மிஸ் என்னை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேற்றிவிட்டார். அங்கிருக்கும் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி, இரண்டு வகுப்புகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிய சமூகசேவகன் நான்தான். நேரத்தை மாற்றினேன், என் நேரம் கெட்டது.

"கண்காட்சிக்கு உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டு. ஓடுச்சுன்னா உள்ள வா. இல்லேன்னா இந்த வருஷம் செய்முறைத் தேர்வு கிடையாது" என்றார்.

செய்முறைத் தேர்வு இல்லாவிட்டால் மறுபடி இதே வகுப்புதான். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஜூன் 11, வியாழன்

நூலகத்தில் 'வெடி' என்று தேடினேன். நான் வேறென்ன தேடுவேன்? மாட்டியது பார் ஒன்று — அணுகுண்டு வெடித்து அந்த உதையில் விண்கலம் ஓட்டுவது. விளையாட்டில்லை. அறுபத்தைந்து, எழுபது வருடத்துக்கு முன் பெரிய பெரிய விஞ்ஞானிகள் உட்கார்ந்து போட்ட திட்டம். கலத்துக்குப் பின்னால் ஒரு குண்டு வெடிக்கும். அந்த வேகம் பிரம்மாண்டமான ஒரு தட்டில் மோதும். தட்டுக்கும் கலத்துக்கும் நடுவில் ராட்சத ஷாக் அப்சார்பர். அடுத்த குண்டு. அடுத்த உதை. உதை வாங்கி முன்னேறுவது என் வாழ்க்கை முறையும்தான் என்பதால் மனசு உடனே ஒட்டிக்கொண்டது.

குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவது எப்படி? குளிர்பானப் புட்டி தரும் இயந்திரம் செய்கிறவர்களிடம் யோசனை கேட்டார்களாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல் பட்ட இடம் மட்டும் வெடிப்பில் தேயாமல் இருந்ததைப் பார்த்து, தட்டு முழுக்க எண்ணெய் பூச முடிவு செய்தார்களாம். என்ன மனிதர்கள்.

ஜூன் 14, ஞாயிறு

அப்பாவின் பைக் பட்டறையில் மாதிரி தயார். நட்டுவைத்த கம்பியில் ஒரு டப்பா, அதுதான் கலம். அடியில் ஸ்பிரிங், அதற்கடியில் தட்டு. கீழே காற்றடிக்கும் குழாய். வால்வைத் திறந்து மூடினால் 'டுப்', கலம் ஒரு சாண் ஏறும். கம்பியிலுள்ள பல் அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஆறு டுப்பில் உச்சி.

இரண்டாவது டுப்பிலேயே தட்டு கழன்று அப்பாவின் டீயில் விழுந்தது.

"காத்து என்னுது, கம்பி என்னுது, டீயும் என்னுது. உன்னுதுன்னு இதுல என்னடா இருக்கு?"

"திட்டம் இருக்குப்பா."

"அதையும் டீயில போடு, குடிச்சுத் தொலைக்கிறேன்."

ஜூன் 15, திங்கள்

கழன்றது. மறுபடியும் கழன்றது.

ஜூன் 18, வியாழன்

கண்டுபிடித்தாயிற்று. ஸ்பிரிங் அமுங்கி, நிமிர்ந்து, ஆட்டம் அடங்கிய பிறகுதான் அடுத்த வெடி. அதற்கு முன்னால் வந்தால் தட்டு தாங்காது. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்த மேதை: நான். வெறும் கணக்கு. வெறும் மூளை.

ஜூன் 19, வெள்ளி

கண்காட்சி. ஆறு டுப், ஆறு சாண். மிஸ் மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

"நேரத்தை எப்படிடா பிடிச்சே?"

"கணக்கு மிஸ்."

"நீயா?"

"நானேதான் மிஸ்."

திங்கட்கிழமை தலைமையாசிரியர் முன்னால் ஒருமுறை ஓட்டிவிட்டால் ஆய்வுக்கூடம் எனக்கு.

ஜூன் 21, ஞாயிறு

மிச்சத்தையும் படித்தேன். அந்தக் கலம் பறக்கவே இல்லை. சாதாரண வெடிமருந்து வைத்த குட்டி மாதிரி மட்டும் சில தாவல் தாவிவிட்டு, பாராசூட்டில் இறங்கியது. காற்றிலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிக்கக் கூடாதென்று நாடுகள் ஒப்பந்தம் போட்டன. திட்டம் அத்தோடு போயிற்று.

தரையிலிருந்து ஒருமுறை கிளம்பினால், பரவும் நச்சுத்தூசியால் எங்கோ முகம் தெரியாத எத்தனை பேர் சாகலாம் என்று, அந்தக் கலத்தின்மேல் உயிரையே வைத்திருந்த விஞ்ஞானி ஒருவரே கணக்குப் போட்டாராம். தன் கனவுக்கு எதிரான கணக்கைத் தானே போடுவதா? எவ்வளவு பெரிய மனசு. நானோ, "கடிகாரம் தானா ஓடிப்போச்சு மிஸ்" என்று சொன்ன ஆள்.

நாளைக்கு என்ன ஆகுமோ. தங்கச்சிக்கு அவள் பள்ளியில் பரீட்சையாம்.

ஜூன் 22, திங்கள்

டுப். டுப். மூன்றாவதில் தட்டு கழன்று தலைமையாசிரியரின் மேஜைக்கு அடியில் உருண்டது. அவரே குனிந்து எடுத்துத் தந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"கணக்குன்னு சொன்னியே" என்றார் மிஸ்.

சொல்லிவிட்டேன்.

"நான் இல்ல மிஸ். என் தங்கச்சி. ஏழாவது படிக்கிறா. கண்காட்சி அன்னிக்கு மேஜைத் துணிக்குப் பின்னால உக்காந்து வால்வைத் திறந்தது அவதான். ஸ்பிரிங் அடங்க நாலு எண்ணணும். நான் எண்ணினா ரெண்டுலயே கை போயிடுது."

"அப்ப நீ என்னதான் செஞ்சே?"

"பேசினேன் மிஸ்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா."

ஜூன் 23, செவ்வாய்

ஆறு டுப். தலைமையாசிரியர் கை தட்டினார், அவளுக்கு. ஆய்வுக்கூடத்துக்குள் என்னையும் விட்டார்கள். கடைசி மேஜை. பரவாயில்லை.

இங்கேயும் ஒன்றைத் திருத்த வேண்டும். பதினெட்டாம் தேதி 'மேதை: நான்' என்று எழுதியிருக்கிறேன். அந்த மேதை ஸ்பிரிங்மேல் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நான் பட்டறை வாசலில் ஒரு பூனையைக் காலி டப்பாவுக்குள் உட்காரவைத்து விண்வெளி வீரராக்கப் பார்த்து, மூக்கில் கீறல் வாங்கிக்கொண்டிருந்தேன்.