ஓலை வாசிக்காத கல்யாணம்

அப்பா,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது நம் புராட்டஸ்டண்ட் சபை வழக்கத்தில் இல்லை. நீங்கள் இருந்தால், "இது என்ன ஆர்.சி. பழக்கம்?" என்று கத்தோலிக்கர்களைச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள், இப்போதுதான் எழுதத் துணிகிறேன்.

உங்கள் காரை அம்மா விற்கப் போகிறாள். நேற்று அதைச் சுத்தம் செய்தபோது முன்சீட்டுக்கு அடியில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே என் கையெழுத்து: ஹிஸ்டரி பிரசன்டேஷன். காரிலேயே போட்டுக் கேட்டேன். முதலில் என் குரல், யாரோ கழுத்தைப் பிடித்திருப்பது போன்ற ஆங்கிலத்தில். நடுவில் கார் திரும்பும்போது வரும் டிக் டிக் சத்தம். பிறகு நீங்கள்.

"பொறுட்டி, பொறு. இங்கிலீஷ்ல கடகடன்னு வாசிச்சா எனக்கு எப்பிடி வெளங்கும்? அந்த ராஜா என்ன பண்ணுனான், அதச் சொல்லு."

அதோடு நிறுத்திவிட்டேன். மேலே கேட்க முடியவில்லை.

அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம். நம் குடும்பத்தில் பட்டப்படிப்புக்காகக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்று நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஃப்ரீவேயில் கார் ஓட்ட எனக்குப் பயம். பேர்லேண்டில் இருந்த நம் வீட்டிலிருந்து தினமும் நாற்பது நிமிஷம் நீங்கள்தான் கொண்டுபோய் விட்டீர்கள். அதன் பிறகு அம்மா நர்ஸாக இருந்த மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகளை மறிக்கும் கட்டையைத் தூக்கி இறக்கும் வேலைக்குப் போவீர்கள். ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருந்தவர், இங்கே அமெரிக்காவில் 'நர்ஸம்மா வீட்டுக்காரர்' ஆனதை நீங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அண்ணாச்சி உத்தரவு இல்லாம ஒரு டாக்டரும் வெளிய போக முடியாது" என்று யாராவது கேலி செய்தால் சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் குரல் கொஞ்சம் உயரும். வெளியே விட்ட அதிகாரத்தையெல்லாம் வீட்டுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டீர்கள். எங்களுக்கு அது புரிந்திருந்ததால், நீங்கள் சொன்னதற்கு மறுபேச்சு பேசியதில்லை.

அந்த வருஷம் எல்லோரும் வகுப்பின் முன்னால் நின்று பதினைந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார்கள். நான் அந்தப் பாடத்தையே விட்டுவிடலாம் என்று இருந்தேன். "என்ட்டச் சொல்லிப் பழகு. நான் என்ன, மார்க்கா போடப்போறேன்?" என்று நீங்கள்தான் டேப் ரெக்கார்டரை எடுத்து என் மடியில் வைத்தீர்கள்.

என் தலைப்பு பழைய பிரான்ஸ். நாலு வயதில் பட்டத்துக்கு வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆண்ட ஒரு ராஜா. யாரையும் கூட்டிக் கேட்காமல், தன் வாயிலிருந்து வருவதே சட்டம் என்று இருந்தவர். அவருடைய தாத்தா, கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் முப்பது வருஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்டு செத்ததைப் பார்த்து, 'அவரவர் சபையில் அவரவர் இருக்கலாம்' என்று ஒரு கட்டளை கொடுத்திருந்தார். பேரன் அதை ரத்து செய்துவிட்டார்.

"அந்தத் தாத்தா யாரு? நம்ம ஆளா?"

"மொதல்ல நம்ம ஆளுதாம்பா. ராஜா ஆகணும்னு ஆர்.சி.க்கு மாறிட்டாரு."

"சிம்மாசனத்துக்காவா மாறுனான்? அப்பவே நெனச்சேன்."

மறுநாள் காரில் ஏறியதுமே, "ம், எங்க உட்ட?" என்றீர்கள். மதம் மாறாத புராட்டஸ்டண்ட் வீடுகளில் சிப்பாய்களைக் குடிவைத்த கதையைச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ளயே பட்டாளத்தக் கொண்டு உட்டானா? சோறு யாரு போட்டா?"

"அந்த வீட்டுக்காரங்கதான். மதம் மாறுற வரைக்கும் போக மாட்டாங்க. தூங்க விடாம முரசு அடிப்பாங்களாம்."

"பாவிப் பயலுவ" என்றீர்கள். பிரேக்கை வேண்டாத இடத்தில் மிதித்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அதைச் சபைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். அமெரிக்கச் சபை ஒன்றின் கூடத்தை மத்தியானம் வாடகைக்கு எடுத்து நடந்த நம் தமிழ் ஆராதனைக்கு, தமிழில் பாட வேண்டும் என்ற ஆசையில் ஒரு ஆர்.சி. அங்கிளும் வருவார். அவர் பாட்டு உங்களுக்கு உயிர். டீ குடிக்கும்போது அவரைப் பிடித்தீர்கள்.

"ஒங்க ராஜா எங்க ஆளுகள என்ன பாடு படுத்திருக்கான், பாத்தீரா?"

"அண்ணாச்சி, முந்நூறு வருசம் ஆச்சு! நான் என்ன செய்யட்டும்? மன்னிச்சிருங்க, இந்தாங்க, ஒரு போண்டா சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில்தான் நாட்டின் மேற்குக் கோடியில் இருந்த மில்பிடாஸிலிருந்து அக்கா வாரம் இரண்டு முறை ஃபோன் செய்து அழுதுகொண்டிருந்தாள்.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, மாமா வீட்டில் தங்கி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள், அங்கேயே வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். யாழ்ப்பாணத்துக்காரர். கத்தோலிக்கர். அவரே உங்களுக்கு ஃபோன் செய்தார். நான் சமையலறை ஃபோனில் ஒட்டுக் கேட்டேன்.

"அங்கிள், நான் மாறத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். அவவும் மாறத் தேவையில்லை. நீங்கள் ஒருக்கா வந்து ஆசீர்வதிச்சால் அதுவே எங்களுக்குக் காணும்."

ஃபோனை வைத்ததும், "பையன் மரியாதயாத்தான் பேசுதான்" என்றீர்கள். அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே தீர்ப்பும் சொன்னீர்கள். "அவன் நம்ம சபைல திடப்படுத்தல் எடுத்துச் சேரட்டும். எடுத்தாத்தான் நம்ம ஊர்க் கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாவ. ஓலை வாசிக்காத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்."

இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப் போகிறார்கள், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று நம் ஊர்ச் சபைக்கு முன்னால் வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். எந்த நாட்டில் கல்யாணம் நடந்தாலும் அங்கே பெயர் வாசிக்கப்பட்டால்தான் உங்களுக்கு அது கல்யாணம். ஆனாலும் அக்காவுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி காரில் உங்களுக்குப் பாடம் சொல்வதுதான். எந்தப் பக்கத்தை எந்த நாளில் சொல்வது என்று யோசித்து யோசித்துச் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை, மதம் மாறாமல் செத்தவர்களுக்குக் கல்லறையில் இடம் கொடுக்காததைச் சொன்னேன். நீங்கள் ஃப்ரீவேயை விட்டு இறங்கினீர்கள். பிறகு, "எங்க பெரியக்காவும் அப்பிடித்தாம் போனா" என்றீர்கள். அப்படி ஒரு அத்தை இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். "ஆர்.சி. மாப்பிளயக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவங்க தெருவுக்குப் போனா. செத்தப்பம் அம்மா பக்கத்துல வைக்கணும்னு கேட்டோம். நம்ம சபைதான் எடம் தரல. ரோட்டத் தாண்டுனா அவ்வளவுதான், பிள்ள."

எனக்கு உங்கள் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடிக்கவில்லை.

கல்லூரி வாசலில் நிறுத்தியபோது கேட்டீர்கள். "அந்த ராஜா எதுக்கு அப்பிடிச் செஞ்சான்? கெட்டவனா?"

"இல்லப்பா. எல்லாரும் ஒரே சபைல இருந்தா நாடு ஒத்துமையா இருக்கும்னு நெனச்சாரு. அவங்க நல்லதுக்குத்தான் செய்றோம்னு நெனச்சாரு. கடைசில ரொம்பப் பேர் நாட்ட விட்டே போயிட்டாங்க."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ யாரச் சொல்லுத?"

"ராஜாவத்தாம்பா."

அப்படிச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். வகுப்பின் முன்னால் பேசியதற்கு எனக்கு நல்ல மார்க் கிடைத்தது. மாலையில் அதைக் கேட்டதும் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்கள். ராஜாவைப் பற்றி அதன் பிறகு கேட்கவே இல்லை.

ஜனவரியில் அக்காவுக்கு அத்தானின் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது. அம்மாவை அனுப்பினீர்கள். "நீ போறதுன்னா போ" என்று என்னிடமும் சொன்னீர்கள். நான், உங்களைத் தனியே விட வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவை விமானம் ஏற்றப் போனோம். இங்கே உள்நாட்டு விமானத்துக்கு வழியனுப்புகிறவர்களும் விமானத்தின் கதவுவரை போகலாம்; நாமும் போனோம். நீங்கள் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தீர்கள். முகம் சவரம் செய்திருந்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். கடைசி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கண்ணாடி வழியே விமானத்தைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"இன்னும் எடம் இருக்குமா? அந்தப் பொம்பளைட்டக் கேட்டுப் பாரேன். சும்மாத்தான்."

அந்த மேசைக்குப் பின்னால் நின்ற பெண் உயரமாக, வேகமாகப் பேசுகிறவளாக இருந்தாள். அவளிடம் என்ன வார்த்தையில் கேட்பது என்று மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கினேன். அடுக்கியது கலைந்தது. மறுபடி அடுக்கினேன். பத்து எட்டு நடந்தால் போதும்.

"ஃபுல்லா இருக்கும்பா" என்றேன்.

"அப்பிடியா" என்றீர்கள். "சரி."

கதவைச் சாத்தினார்கள். விமானம் பின்னால் நகர்வதைப் பார்த்தோம். கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும், கையிலிருந்த குடையை வைக்கப் பின்கதவைத் திறந்தீர்கள். உங்கள் பச்சை ரெக்ஸின் பை உள்ளே இருந்தது. ஜிப் முழுதும் மூடவில்லை. இஸ்திரி போட்ட வேட்டியின் கரை தெரிந்தது. நான் பார்த்துவிட்டதை நீங்களும் பார்த்தீர்கள்.

"நான் கேட்டேன்னு அம்மாட்டச் சொல்லாத. அக்காட்டயும் சொல்லாத. என்ன?"

"சரிப்பா."

அடுத்த விமானத்தைக் கேட்டிருக்கலாம். அன்று முழுவதும் விமானங்கள் இருந்தன. நான் கேட்கவில்லை; உங்களால் இரண்டாம் முறை கேட்க முடியாது என்று தெரிந்தும் கேட்கவில்லை. மறுநாள் கடிகாரத்தைப் பார்த்து, "அங்க இப்பம் ரெண்டு மணி கொறவு" என்று நீங்களே கணக்குப் போட்டு, சரியாகக் கல்யாண நேரத்தில் என்னை உட்காரவைத்து ஜெபித்தீர்கள். "அந்த ரெண்டு பிள்ளைகளயும்" என்று சொன்னீர்கள். ரெண்டு பிள்ளைகள்.

நாலு மாதத்தில், கூண்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். வெளியே போக நின்ற ஒரு டாக்டர்தான் முதலில் பார்த்தாராம். அடக்கத்துக்கு அக்கா வந்தாள். அத்தான் கூடத்தின் கடைசி வரிசையில், முன்னால் வரலாமா என்று தெரியாமல் நின்றார். அந்தப் போண்டா அங்கிள்தான் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தார். அக்கா அன்று சமையலறையில் கேட்டாள்: "அப்பா கடைசிவரைக்கும் என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலயாட்டி?"

"இல்லக்கா" என்றேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். என்னையும் காப்பாற்றிக்கொண்டேன்.

இப்போது அக்காவுக்கு ஆண் குழந்தை, அப்பா. மூன்று மாதம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், அத்தானின் கோயிலில்தான். நான் ஆர்.சி. இல்லாததால் ஞானத்தாயாக நிற்க முடியாதாம். பக்கத்தில் சாட்சியாக நிற்கலாம் என்று அங்குள்ள பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விமான டிக்கெட்டை நானே ஃபோனில் பேசி வாங்கினேன். ஃப்ரீவேயிலும் இப்போது நானேதான் ஓட்டுகிறேன்.

நேற்று அக்கா ஃபோனில் சொன்னாள்: "அப்பா பேர வைக்கலாம்னு இவுங்க சொல்லுதாவ. நாந்தான் வேண்டாம்னுட்டேன். கல்யாணத்துக்கே வராத மனுசன் பேரு எம்பிள்ளைக்கு எதுக்கு?"

"என்னட்டி, லைன்ல இருக்கியா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

அப்பா, நீங்கள் சொன்ன எதையும் நான் மீறியதில்லை. மீறினால் நீங்கள் சின்னவராகிவிடுவீர்களோ என்ற பயம்தான் எனக்கு எப்போதும். ஆனால் அவள் தன் பிள்ளையிடம், 'உன் தாத்தா வரவில்லை' என்றுதான் சொல்லி வளர்ப்பாள். நீங்கள் வந்தீர்கள். விமானத்தின் கதவுவரை வந்தீர்கள். மீதிப் பத்து எட்டு என்னுடையது; நான் நடக்கவில்லை. அதைச் சொன்னால் அவள் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும்.

சொல்லாதே என்று சொன்னீர்களே, அந்த ஒன்றை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நான் அவளிடம் சொல்ல வேண்டும். உத்தரவு தாருங்கள், அப்பா.