திருவிருந்துக்கு முன் இருபது அடி

மதினி,

இன்று மத்தியானம் தையல்காரம்மா என் புது ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினாள். பொட்டலத்தைப் பிரித்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை. முதுகுப் பக்கம் கழுத்தை நாலு விரல் இறக்கித் தைக்கச் சொல்லியிருந்தேன். அளவெடுத்த அன்று அவள் இரண்டு தடவை கேட்டாள்: "நெசமாத்தான் சொல்றீகளா? எப்பவும் கழுத்தை ஒட்டித்தான தைப்பீக?" நிஜமாகத்தான் என்றேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தழும்பு கொஞ்சம் வெளியே தெரிகிறது. தெரியட்டும்! இதை உடனே உங்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று துடித்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் என்ன, எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில், நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. உயிரோடு ஓடி வந்துவிட்டேன், முதுகு மட்டும் தப்பவில்லை. அதன் பிறகு அண்ணன் உங்களைக் கட்டிக் கூட்டி வந்தான். நாம் இருவரும் ஒரே பேக்கிங் அறையில் வேலை பார்த்தோம், ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டோம். ஊரில் நம்மை அக்கா தங்கச்சி என்றே நினைத்தார்கள்.

பிறகு ஆலங்குளத்திலிருந்து அந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. தழும்பை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை மதினி. அடுத்த ஞாயிறு அவரிடம் தனியாகச் சொல்ல வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். நிச்சயத்துக்கு ஜெபம் செய்யப் போகிற நேரத்தில் நீங்கள் எழுந்து நின்றீர்கள். "பிள்ளைக்கு முதுகு பூராம் தீக்காயம் இருக்கு. மறைச்சுக் கட்டிக்குடுக்க எங்களுக்கு மனசு வரல" என்று பதினாறு பேர் முன்னால் போட்டு உடைத்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் மறுபடி வரவில்லை.

அன்றே பின்கட்டு அறைக்குப் போய்த் தனி அடுப்பு மூட்டினேன். ஒன்பது வருஷம்! நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே, "அண்ணே, ஒன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, குழாயில தண்ணி வந்துருச்சு" என்பேன். அவன் பாவம், திரும்பி உங்களிடம் அதையே சொல்வான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசலில் வந்து நின்று, "மன்னிச்சுரு தாயி. ஆனா நான் பொய் சொல்லலையே" என்பீர்கள். அந்த இரண்டாவது வாக்கியம் வந்ததும் நான் கதவைச் சாத்திவிடுவேன்.

நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். யார் மேலாவது மனஸ்தாபம் இருந்தால் முதலில் சமாதானமாகுங்கள், பிறகு வாங்கள் என்று போதகர் சொல்வார். எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு எழுந்து முன்னால் போய்விடுவோம். நீங்கள் ஒருத்தி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஒன்பது வருஷம். நானோ வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் முழங்கால் போடுவேன். தப்புச் செய்தவர் உட்காரட்டும் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துத்தான் என்று என் மரமண்டையில் ஏறவே இல்லை.

பிறகு நீங்கள் நோயில் விழுந்தீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் இனி மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் வீட்டு வாசலில் வண்டியிலிருந்து அழுதுகொண்டு இறங்கினான். நீங்கள் தீபாவளி சீசனின் கடைசி வாரத்தில் பேக்கிங் அறையில் ஒரு பரபரப்பு வருமே, அதே பரபரப்போடு இறங்கினீர்கள். சேலைகளைப் பிரித்துக் கொடுத்தீர்கள். அண்ணனுக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்தீர்கள், அவன் மூன்று நாளும் தீய்த்தான். பாடகர் குழுவைக் கூப்பிட்டு அடக்க ஆராதனைக்குப் பாட்டுப் பொறுக்கினீர்கள். "இழுத்து இழுத்துப் பாடாதீக. எனக்கு அங்கன சீக்கிரம் போய்ச் சேரணும்" என்றீர்கள். வந்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். முற்றத்துக்கு இந்தப் பக்கம் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. சாகப் போகிறவளுக்கு இத்தனை குதூகலம் எதற்கு என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை போதகர் அப்பமும் திராட்சரசமும் வீட்டுக்கே கொண்டு வந்தார். நீங்கள் விடிந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தீர்களாம். "கொஞ்சம் பொறுங்கய்யா, இன்னும் ஒரு ஆளு வரணும்" என்ற உங்கள் குரல் கேட்டது.

"ஒங்க மனசு கர்த்தருக்குத் தெரியும்மா. வாங்கிக்கோங்க" என்றார் போதகர்.

"அவருக்குத் தெரியும்யா. அவளுக்குத் தெரியணும்ல."

அண்ணன் வந்து கதவைத் தட்டினான். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை? மடியில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் முற்றத்தில் செருப்பு இழுபடுகிற சத்தம். அண்ணனைத் தோளில் தொடவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நீங்களே வருகிறீர்கள் என்று புரிந்தது. உங்கள் அறைக்கும் என் கதவுக்கும் இருபது அடி. பாதியில் சத்தம் நின்றுவிட்டது. எழுந்து கதவுக்கு ஓடினேன். நீங்கள் தட்டுவதற்கு முன்பே தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை.

மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். "உண்மையத்தான் சொன்னேன்னு இத்தன வருசம் சாதிச்சேன். ஒன் முதுகு, ஒன் கல்யாணம். ஒன்னையக் கேக்காம எடுத்துச் சொல்ல நான் யாரு? தப்பு எம்மேலதான் தாயி."

அவ்வளவுதான். வேறு எதையும் சேர்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வதற்குள், "அம்புட்டுப் பேருகிட்டச் சொன்னேன், ஒருநாளும் பாத்ததில்ல. காட்டுறியா?" என்றீர்கள்.

திரும்பி நின்றேன். காய்ச்சலில் கொதித்த உங்கள் உள்ளங்கை என் முதுகில் பட்டது. "எம்புட்டு வலிச்சிருக்கும்" என்றீர்கள். அத்தனை வருஷத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை மதினி. கல்யாணம் நின்றதைப் பற்றி ஊரே உச்சுக்கொட்டியது, வலியைப் பற்றி யாரும் பேசவில்லை. உடைந்து அழுதேன். "நானும்தான் மதினி, நானும்தான் தப்பு" என்று மட்டும் சொல்ல வந்தது. நீங்கள் எடையே இல்லாமல் இருந்தீர்கள். உங்களை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் திருவிருந்து வாங்கினோம். நான் மாதாமாதம் வாங்கியவள்தான், அன்றுதான் முதல்தடவை வாங்கியது மாதிரி இருந்தது. ஆமென் சொல்லி முடித்ததும் நீங்கள் கையைத் தட்டினீர்கள். "கடைசி லோடும் ஏத்தியாச்சு! இனி வண்டிய எடுக்கச் சொல்லுங்க!" போதகரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பதினோராம் நாள் போனீர்கள். அடக்கத்தில் பாடகர் குழு இழுத்தபோது, "வேகமாப் பாடுங்க, மதினி திட்டுவாக" என்று நான்தான் சத்தம் போட்டேன்.

என் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது வருகிறது, முன்பு போலவே மூக்குக்கு மேல் வருகிறது. ஆனால் மாதம் பிறந்தால் திருவிருந்தும் வந்துவிடுகிறதே, என்ன செய்ய! அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுகிறேன். தெருவில் என்னைக் கண்டாலே, "இன்னைக்கு யாரு வீட்டுக்குச் சண்டைய முடிக்கப் போறீக?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இருந்தது மதினி. உங்களைப் பார்த்த பிறகு, நானும் அப்படிக் கைதட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசைதான் இருக்கிறது. அதற்கு அன்றைக்குப் போய்த் தட்ட வேண்டிய கதவு ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

நாளைக்குத் திருவிருந்து. பேக்கிங் அறையில் ஒருத்தியோடு இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. அவளுக்கு வீடு நாரணாபுரத்தில். அவள் கதவைத் திறப்பாளோ மாட்டாளோ தெரியாது. திறக்கும் வரை நிற்பதாக இருக்கிறேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கிளம்புகிறேன்.